செகண்டு எண்ணும் மிஸ்

அவர் யாருக்கும் மார்க் போட்டதில்லை. செகண்டுதான் போடுவார். நாங்கள் செய்துகொண்டு போன போஸ்டரை மேஜைமேல் வைத்து, செல்போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டிவிட்டுப் பார்க்க ஆரம்பிப்பார். பார்வை அலுத்ததும் தலையைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் ஒரு தட்டு. "ரெண்டு செகண்டு. போ." அவ்வளவுதான் பரீட்சை. இரண்டு வாரம் மாய்ந்து மாய்ந்து செய்த வேலையை அவர் பார்த்த நேரம் தும்மல் போடும் நேரம்கூட இருக்காது.

எங்கள் பள்ளி திருவொற்றியூரில், கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற சாலைக்கு ஒரு தெரு உள்ளே. ப்ளஸ் டூ படிக்கும்போது வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட் ஊடக வகுப்பு என்று புதிதாக ஆரம்பித்தார்கள். சினிமா போஸ்டர்களைப் பிரித்து அலசுவது, பிறகு இல்லாத ஒரு சினிமாவுக்கு நாங்களே ஒன்று செய்வது, இதுதான் பாடம். சொல்லிக்கொடுக்க வந்தவர் முப்பது வயதைத் தாண்டாத ஒரு பெண். ராயபுரத்துக்காரர். பெயரைச் சொல்லப் போவதில்லை. திட்டித் தீர்த்துவிடுவது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, திட்டு என்மேலும் விழுகிறது. அதனால் அவர் பெயரும் வேண்டாம், என் பெயரும் வேண்டாம்.

வகுப்புக்கு ஒரு கல்லூரி ஆதரவு தந்தது. எங்களில் ஒரே ஒருவருக்கு அங்கே விஷுவல் கம்யூனிகேஷன் படிக்க இலவசமாக இடம். யாருக்கு என்று முடிவு செய்வது மிஸ். எனக்கு அந்த இடம் வேண்டும். அம்மா மார்க்கெட்டில் மீன் விற்கிறாள், அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறார். இடம் கிடைக்காவிட்டால் பரீட்சை முடிந்த மறுநாளே மணலி பக்கம் ஏதாவது கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டப் போகவேண்டியதுதான். என் அக்கா அப்படித்தான் போனாள். நான் அக்கா ஆகக்கூடாது என்பதில் வெறியாக இருந்தேன்.

முதல் நாள் வகுப்புக்கு அவர் கையில் புத்தகம் இல்லை. சுவரிலிருந்து பெயர்த்தெடுத்த போஸ்டர் பாளம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி ஒட்டி, பசை காய்ந்து, பலகை கனத்துக்கு இறுகியிருந்தது. அதைப் பிளாஸ்டிக் டப்பில் ஊறவைத்து, எங்களையே ஒவ்வொரு அடுக்காக உரிக்கச் சொன்னார். சினிமா, அதற்கடியில் அரசியல், அதற்கடியில் செத்துப்போன யாரோ, அதற்கடியில் மறுபடியும் சினிமா. நகக்கண்ணெல்லாம் மைதா பசை. எந்த முகத்தில் கண் முதலில் போய் நின்றது, அடுத்து எங்கே போனது, எங்கே அலுத்தது என்று ஒவ்வொருவரையும் கேட்டார்.

"போஸ்டர் பாக்கறவன் பஸ்ல போய்கினு கீறான். அவன் ஒண்ணியும் தேடிகினு வர்ல. அவனுக்கு வூட்டுக்குப் போவணும், அவ்ளோதான். அவன் கண்ண புடிச்சி இஸ்துகினு வரணும். அதுக்கு இன்னா வேணா பண்லாம்."

மற்ற ஆசிரியர்கள் நாங்கள் 'கீது' என்று சொன்னால் வாயைக் கழுவிவிட்டு வா என்பார்கள். இவர் வகுப்பெடுத்ததே அந்தப் பேச்சில்தான். அதற்காகவே நாங்கள் அவர்மேல் உயிராக இருந்தோம். பூட்டிக்கிடந்த கம்ப்யூட்டர் அறையைத் திறக்கச் சொல்லி ஹெச்.எம். அறை வாசலில் காலையிலிருந்து மத்தியானம் வரை தரையில் உட்கார்ந்திருந்தார். திறந்துவிட்டார்கள். அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் அவர் செலவில் பன் பட்டர் ஜாம். தின்னும்போது யார் எப்படி வாய் திறக்கிறோம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படித்தான் பார்ப்பார், எப்போதும். ஒருநாள் வகுப்பில் ஒரு பெண் மயங்கி விழுந்துவிட்டாள். மிஸ் அவளைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் பாட்டில் இறங்கி முடியும் வரை கூடவே இருந்தார், அவளுடைய அம்மா வந்தபிறகும் கிளம்பவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை திரையில் ஒரு படம் போட்டார். சிமெண்டுத் தரை, ஒரு கை, சற்றுத் தள்ளி உருண்டு கிடக்கும் வளையல். அந்தப் பெண்ணின் கை. தூக்குவதற்கு முன்னால் படம் எடுத்திருக்கிறார். "பாரு, மூஞ்சியே இல்ல. ஆனா எட்டு செகண்டு நிக்கும்," என்றார். அந்தப் பெண்ணுக்கு ஒரே பெருமை. அந்தப் படத்தைத் தனக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

அவருடைய போன் திரையில் எந்தப் படமும் இருக்காது. வெறும் சாம்பல் நிறம். கல்யாணம் ஆனவர், ஒரு குழந்தையும் இருப்பதாகக் கேள்வி. "மிஸ், பாப்பா போட்டோ வெச்சுக்க மாட்டீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். "எந்த மூஞ்சியும் ஒரு வாரத்துக்கு மேல தாங்காதுடி. அப்பால கண்ணு தாண்டிப் போய்டும். எம் புள்ள மூஞ்ச நான் தாண்டிப் போவணுமா?" என்றார். அதில் அன்பு இருந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

எங்கள் வகுப்பில் ஒரு பையன். ஒரு கண் மட்டும் தனியாக எங்கேயோ பார்க்கும். வகுப்புப் படத்தில் ஓரமாக நின்றிருந்தான். மிஸ் அந்தப் படத்தைத் திரையில் போட்டு, கண் எங்கே சறுக்குகிறது என்று கேட்டார். அவரே மவுஸை நகர்த்தி அவனை மட்டும் வெட்டியெடுத்து, பக்கத்திலிருந்த சுவரின் நிறத்தை இழுத்து அந்த இடத்தை நிரப்பினார்.

"இப்ப பாரு."

பார்த்தோம். படம் நன்றாகத்தான் இருந்தது. முன்னைவிட நன்றாக இருந்தது. யாரோ கைதட்ட, எல்லோரும் கைதட்டினோம், நானும்தான். அந்தப் பையனும் தட்டினான். அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து அவன் அந்த இரண்டு பீரியடும் மைதானத்தில் உட்கார்ந்திருந்தான். மிஸ் அவன் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்களில் ஒருவரும் போய்க் கூப்பிடவும் இல்லை.

வருஷக் கடைசியில் சுவர்ப் பரீட்சை என்று ஒன்று வைத்தார். செகண்டு கணக்கில் தேறிய ஐந்து பேருடைய போஸ்டரை, ஒரு நாளைக்கு ஒன்றாக, காலையில் மார்க்கெட் திரும்பும் முனைச் சுவரில் ஒட்டுவது. எதிரில் இருக்கிற டீக்கடையில் நின்றுகொண்டு ஸ்டாப்வாட்சும் நோட்டுமாக அவர் எண்ணுவார். எத்தனை பேர் நிற்கிறார்கள், அதிகம் நின்றவர் எத்தனை செகண்டு. யாருடையது அதிகமோ அவருக்கு இடம். "நான் பாத்து இன்னா ஆவப்போது? தெரு பாக்கட்டும்," என்றார்.

நான் முதலில் செய்துகொண்டு போனதில் எல்லாமே இருந்தது. படகு, அலை, ஆரஞ்சு வானம், நடுவில் அப்பா, கீழே ஸ்டாம்பு அளவில் கண்ணாடி போட்ட மாமன்மார் ஏழெட்டுப் பேர். எங்கள் குப்பத்தில் போஸ்டர் என்றாலே அப்படித்தானே, கீழே யாரையாவது விட்டுவிட்டால் சண்டை வந்துவிடும். மிஸ் சிரித்துவிட்டார்.

"இன்னாடி இது, காதுகுத்து பேனரா?"

என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "இது வேணுமா?" என்று கேட்டு ஒரு மாமாவை அழித்தார். "இது?" இன்னொரு மாமா. பிறகு கேட்காமலே அழித்துக்கொண்டு போனார். வானம் போனது, படகு போனது, கடல் போனது. நான் யோசித்து யோசித்து வைத்த படத்தின் பெயரும் போனது. கடைசியில் அப்பாவின் முகம் மட்டும் மிஞ்சியது. கரையில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தவர் நான் கூப்பிட்டதும் நிமிர்ந்த நேரத்தில் எடுத்த படம்.

"யாரு?"

"எங்க நைனா, மிஸ்."

"ஷோக்கா கீது மூஞ்சி. இத்த வெச்சிகினு ஏன் அவ்ளோ குப்ப கொட்டுன?"

நிறத்தை உருவி முகத்தைக் கறுப்பு வெள்ளை ஆக்கினார். கீழே படம் வெளியாகும் தேதி என்று ஒரு தேதி மட்டும். வேறு ஓர் எழுத்து கிடையாது. ஸ்டாப்வாட்சைத் தட்டினார். பதினொன்று. வகுப்பில் அதுவரை யாருக்கும் விழாத எண்.

எங்கள் பக்கத்தில் கறுப்பு வெள்ளையில் ஒற்றை முகமும் கீழே ஒரு தேதியும் என்றால் அது எதற்கு ஒட்டுகிற போஸ்டர் என்று பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? சொன்னேன்.

"மிஸ், இது... செத்தவங்களுக்கு ஒட்டுவாங்களே, அது மாதிரி கீது."

"அதான் நிப்பாங்க."

"நைனா கடலுக்குப் போயிருக்காரு மிஸ். தங்கல், ஒரு வாரம் கடல்லயே. வர இன்னும் நாலஞ்சு நாளு ஆவும்."

அவர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. "வேணான்னா சொல்லு. படகையும் மாமாங்களையும் திருப்பி வெச்சிக்கலாம். ரெண்டு செகண்டு."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாரும் என் வாயைக் கட்டிப்போடவில்லை.

மறுநாள் காலை பசை பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரே கையால் பசையை அள்ளித் தடவி, போஸ்டரைச் சுவரில் வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவினார். மார்க்கெட்டுக்குள் ஐம்பதடி தூரத்தில் அம்மா கூடையை இறக்கி வைத்திருப்பாள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எதிர் டீக்கடையில் போய் நின்றோம். முதலில் ஓர் ஆட்டோ வேகம் குறைந்து, தாண்டிப் போய், பிறகு பின்னால் வந்தது. ஐஸ் தள்ளிக்கொண்டு போன ஆள் வண்டியை நிறுத்தினான். கருவாடு விற்கிற பெரியவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். தேதி என்ன என்று யாரும் படிக்கவில்லை, தேதி என்று ஒன்று இருந்ததே போதுமாக இருந்தது. "பதினாலு... பத்தொம்போது... இவுரு இருவத்தாறு," என்று மிஸ் முணுமுணுத்தபடி நோட்டில் குறித்தார். எனக்கு உடம்பெல்லாம் குப்பென்று ஒரு சந்தோஷம். இதை மறைத்து எழுதிப் பயனில்லை. சந்தோஷம்தான்.

அப்போது எங்கள் தெரு அத்தை ஒருத்தி வந்தாள். பார்த்தாள். "அய்யய்யோ, எம் அண்ணா!" என்று மாரில் அடித்துக்கொண்டு மார்க்கெட்டுக்குள் ஓடினாள்.

அம்மா வந்தாள். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தாள். கையில் செதில் ஒட்டியிருந்தது. சுவருக்கு முன்னால் வந்து நின்றாள். சுற்றிலும் பெண்கள் கத்துகிறார்கள், அவள் கத்தவில்லை. ஈரம் காயாத அந்தத் தாளில் அப்பாவின் கன்னத்தில் உள்ளங்கையை வைத்து, அப்படியே நின்றாள்.

நான் சாலையில் இறங்கினேன். மிஸ் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இரு. இப்ப போனா கலைஞ்சிடும்."

அவர் இறுக்கிப் பிடித்திருந்தார் என்று எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை. இரண்டு விரலால் சும்மா தொட்டமாதிரிதான் பிடித்திருந்தார். உதறினால் வந்திருக்கும். நான் உதறவில்லை. அம்மா சுவரோடு சுவராகச் சரிந்து மண்ணில் உட்கார்ந்தபோதும், யாரோ அவள் தலையில் தண்ணீர் தெளித்தபோதும், மிஸ் கையில் இருந்த போனில் எண் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒருமுறை அம்மாவைப் பார்த்தேன், ஒருமுறை அந்த எண்ணைப் பார்த்தேன்.

"ஆறு நிமிஷம் நாப்பது," என்று சொல்லிவிட்டுத்தான் அவர் என் கையை விட்டார். "போ, இப்ப போய் சொல்லு."

போய்ச் சொன்னேன். ஸ்கூல் போஸ்டர் மா, நான்தான் செஞ்சேன், நைனாவுக்கு ஒண்ணும் இல்ல. அம்மா என் முகத்தையே பார்த்தாள்.

"அவுரு எங்க?"

"கடல்ல கீறாரு மா."

"நீ பாத்தியா?"

கடலில் இருக்கிறவரை யார் பார்த்தது? மீனவர் சங்கத்துக்காரர் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுப் பார்த்தார். நேற்று அந்தப் படகைப் பார்த்ததாக வேறொரு படகிலிருந்து பதில் வந்தது. நேற்று என்பது அம்மாவுக்குப் போதவில்லை. நான்கு நாள் அவள் சோறு தின்னவில்லை, என்னோடு பேசவில்லை. படகு வந்து சேர்ந்து, அப்பா ஐஸ் பெட்டியோடு இறங்கியபோது, காசிமேட்டுத் துறைமுக மேடையில் எல்லோர் முன்னாலும் அவரைப் பளாரென்று அறைந்துவிட்டு அழுதாள். அப்பா விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். போனில் போஸ்டரைக் காட்டச் சொல்லிப் பார்த்தார். "ஹீரோ கணக்கா கீறேனே," என்றார்.

அடுத்த தங்கலுக்குக் கிளம்பும்போது படகு டிரைவர் அவரை ஓரமாகக் கூப்பிட்டார். "ஒரு நட வுட்டுட்டு வா ணா. பசங்க பயப்புட்றாங்க." அந்த ஒரு நடை இரண்டானது, மூன்றானது. வேறு படகில் கேட்டார். சுவரில் ஏறிய ஆளைக் கடலில் ஏற்றமாட்டார்கள் என்று முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. ஆள் நெறஞ்சிடிச்சி என்றார்கள், அப்பால பாக்கலாம் என்றார்கள். இருபத்தைந்து வருஷம் கடலில் இருந்த மனிதர் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கம்பி சுமக்கப் போனார். கடலில் ஒருநாளும் வாந்தி எடுக்காதவர் லாரியின்மேல் நின்றால் தலை சுற்றுகிறது என்பார்.

நான் மிஸ்ஸிடம் போனேன். "துறைமுகத்துக்கு வந்து ஒரு வார்த்த சொல்லுங்க மிஸ், இது ஸ்கூல் பரீட்சதான்னு. நீங்க சொன்னா கேப்பாங்க." அழுதுகொண்டுதான் கேட்டேன். அவர் முழுக்கக் கேட்டார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்து என்னைக் குடிக்கச் சொன்னார்.

"எத்தினி படகு ஏத்தமாட்டேன்னாங்க?"

"ஆறு, மிஸ்."

"போஸ்டர கிழிச்சி போட்டு ஒரு மாசம் ஆவுதுல்ல?"

"ஆமா மிஸ்."

பாட்டிலை வாங்கி மூடினார். "கிழிச்ச அப்புறமும் இவ்ளோ நாளு நிக்கிற போஸ்டர நான் பாத்ததே இல்லடி," என்றார். கிண்டல் இல்லை. குரலில் நிஜமான மரியாதை இருந்தது. துறைமுகத்துக்கு அவர் வரவில்லை. இடம் எனக்கு என்று கல்லூரிக்குக் கடிதம் எழுதினார். நானும் மறுபடி துறைமுகப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்தால் கடிதம் என்னவாகுமோ என்று பயம்.

அந்தக் கல்லூரியில் கண்காட்சி வைத்தார்கள். என் போஸ்டர்தான் வாசலுக்கு நேராக, ஆள் உயரத்துக்கு. அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள். அப்பா வந்தார். அரை நாள் வேலையை விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். கம்பி தூக்கித் தோள் ஒரு பக்கம் தொய்ந்திருந்தது. மிஸ் அவர் கையைப் பிடித்து, "வாங்கண்ணா, உங்களுக்காகத்தான் எல்லாரும் நின்னுகினு கீறாங்க," என்றார். அப்பாவுக்கு அப்படியொரு மகிழ்ச்சி. தன் பெண்ணுக்குச் சீட்டு வாங்கிக்கொடுத்த மிஸ் அல்லவா, இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார்.

மிஸ் அவரைப் போஸ்டருக்குப் பக்கத்தில் நிற்கவைத்து போனைத் தூக்கினார். அப்பா பல் எல்லாம் தெரியச் சிரித்தார். மிஸ் போனை இறக்கினார்.

"அண்ணா, சிரிக்காதீங்க. பக்கத்துல அது செத்துடும்."

அப்பாவுக்குப் புரியவில்லை. சிரித்த முகத்தோடே என்னைத் திரும்பிப் பார்த்தார், மிஸ் என்ன சொல்கிறார் என்று கேட்கிற மாதிரி. கூட்டம் காத்துக்கொண்டிருந்தது. கல்லூரிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சிரிக்காத நைனா," என்றேன் நான். "நேரா பாரு."

அவர் நேராகப் பார்த்தார்.